அலமாரியில் இருக்கும் ஊது குப்பி நான் கொடுத்தது

அன்பு மகனுக்கு,

போனில் நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், உன் மனைவி ரிஸ்வானாவின் அலமாரியில் நீ பார்த்த அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பி, ஊது அத்தர், நான் கொடுத்ததுதான். கத்தாரில் இருந்துகொண்டு வீடியோவில் அவளைப் பார்த்துப் பேசியவன், அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த குப்பியைப் பார்த்தாய். அது யார் தந்தது என்று மூன்று முறை கேட்டிருக்கிறாய். மாமா தந்தார் என்று அவள் சொன்னதை நீ நம்பவில்லை. போனை அலமாரிக்கு நேரே காட்டு, கட்டிலுக்குக் கீழே காட்டு என்று சொல்லியிருக்கிறாய். பிறகு என்னைக் கூப்பிட்டு, "அத்தா, நீங்க யாருக்குமே ஊது கொடுத்ததில்லையே, வீட்டுக்குள்ளயே விட்டதில்லையே, அவளுக்கு மட்டும் ஏன் கொடுத்தீக?" என்று கேட்டாய். அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். என் குரல் அது. அதனால்தான் என்னால் அப்போது சரியாகப் பேச முடியவில்லை. தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். நிதானமாகப் படி. நடுவில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்யாதே.

பெருநாளுக்கு மறுநாள் ரிஸ்வானா காய் நறுக்கிக்கொண்டே என்னிடம், "மாமா, நீங்க துபாயில ஊது கடையில இருந்தீகளாம்ல, நெசமான ஊது எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். ஊருக்குத் திரும்பிப் பதினோரு வருடத்தில் என்னை அப்படி ஒருவரும் கேட்டதில்லை. நீயும் கேட்டதில்லை. என் பழைய பெட்டியில் ஒரே ஒரு குப்பி, கால் தோலா, கடை முதலாளி நான் விடைபெறும்போது கொடுத்தது, துணி சுற்றியபடியே இருந்தது. அதை எடுத்து அவள் கைக்குட்டை முனையில் ஒரு துளி வைத்தேன். முகத்தைச் சுளித்தாள். "மாட்டுக் கொட்டகை மாதிரி இருக்கு மாமா" என்றாள். அரை மணி நேரம் பொறு என்றேன். அப்புறம் தேன் வருகிறது என்றாள். மதியத்துக்கு மேல், பழைய குர்ஆன் பிரதியைத் திறந்தால் வருமே, அந்த வாசம் வருகிறது என்றாள். சரியாகச் சொன்னாள். எத்தனையோ பேருக்கு விற்றிருக்கிறேன், இப்படிப் பொறுத்திருந்து மோந்து பார்த்தவர்கள் குறைவு. அந்தச் சந்தோஷத்தில் குப்பியை அவளிடமே கொடுத்துவிட்டேன். இதில் வேறு ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வீட்டுக்குள் ஊது வரக்கூடாது என்று நான் ஏன் இத்தனை காலம் வைத்திருந்தேன் என்பதில் விஷயம் இருக்கிறது. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

நான் துபாயில் தேரா பகுதியின் பழைய சந்தையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. ஊது என்றால் நம் தமிழில் அகில். மரத்துக்குள் நோய் விழுந்து, அந்த நோயை மறைக்க மரம் ஒரு பிசினைச் சுரந்து, அந்தப் பிசின் ஏறிய கட்டையைக் காய்ச்சி இறக்கினால் எண்ணெய். ஆரோக்கியமான மரத்தில் வாசமே இல்லை. எங்கள் அரபாப், கடை முதலாளி, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து முதலில் கற்றுக் கொடுத்தது சந்தேகப்படுவதை. ஒவ்வொரு எண்ணெயும் பொய் சொல்லிக்கொண்டுதான் உள்ளே வரும் என்பார். சந்தனம் கலந்திருப்பான், மருந்து எண்ணெய் கலந்திருப்பான், போன வருடத்துச் சரக்கில் இந்த வருடத்தை ஊற்றியிருப்பான். விற்பவனிடம் கேட்காதே, எண்ணெயிடம் கேள் என்பார். முதல் வாசத்தை நம்பாதே, தேய்க்காதே, காத்திரு. மூக்கு அலுத்துவிட்டால் உன் சொந்தச் சட்டைக் கையை ஒரு தடவை மோந்து பார், அதில் ஒன்றும் இருக்காது, மூக்கு தெளிந்துவிடும். நான் அப்படியே செய்தேன். மூன்றே வருடத்தில், நான் தலையாட்டினால் சரக்கு உள்ளே, உதட்டைப் பிதுக்கினால் வெளியே என்ற நிலைமை வந்துவிட்டது. கம்போடியா ஊது பழுத்த பழம்போல வரும், அஸ்ஸாம் ஊது தோல் பதனிடும் இடம்போல வந்து பிறகு இளகும். இரண்டும் கலந்த ஒரு எண்ணெய் எங்கள் கடையில் மட்டும்தான் இருந்தது. கண்ணைக் கட்டிவிட்டாலும் அதை நான் சொல்வேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. வீட்டுக்கு வந்தாலும் பாலை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன். இன்றும் அப்படித்தான், நீ பார்த்திருக்கிறாய்.

அதே கடையில் சாகுல் இருந்தான். மண்டபத்துக்காரன். ஒரே அறை, ஒரே சட்டி, என் சட்டையை அவனும் அவன் சட்டையை நானும் போட்டுக்கொள்வோம். எனக்குக் கல்யாணமாகி, முதல் விடுப்பு முடிந்து நான் திரும்பிப் போய் ஒன்றே முக்கால் வருடம் கழித்து அவன் ஊருக்குப் போனான். உன் அம்மாவுக்கு நான் கொடுத்துவிட்ட சாமான்களை நம் திருப்பாலைக்குடி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தான். "தங்கச்சி சோறு போட்டுச்சு மாப்ள, நெத்திலி வறுவல், உங்க வீட்டுக் கை மணம் வேற" என்று வந்து சொன்னான். நானும் சிரித்தேன். நாலு மாதம் கழித்து எனக்கு விடுப்புக் கிடைத்தது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், தொண்டியில் உன் அம்மாவின் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டோம். உன் அம்மா ஒரு கத்தரிப்பூ நிறச் சேலை கட்டி வந்தாள். பஸ்ஸில் ஜன்னல் காற்று அவள் பக்கமிருந்து என் பக்கம் அடித்தது. அது ஊது. வெறும் ஊது இல்லை, எங்கள் கடைச் சரக்கு, அந்தக் கலவை. நான் ஒரு துளிகூட ஊருக்குக் கொண்டுவந்தவன் இல்லை. அரபாப் வேலைக்காரர்களுக்குக் கொடுக்கமாட்டார், வாங்கும் வசதியும் எனக்கு இல்லை. அந்தக் கடையிலிருந்து இந்த வீட்டு வாசலை மிதித்த இன்னொரு ஆள் சாகுல் மட்டும்தான்.

கேட்டிருக்கலாம். பஸ்ஸிலேயே, "என்ன வாசம் இது?" என்று மூன்று வார்த்தை. நான் கேட்கவில்லை. விற்பவனிடம் கேட்காதே என்று படித்தவன் அல்லவா? அறுபது நாள் விடுப்பிலும் நான் உன் அம்மாவைச் சோதித்தேன். வீட்டில் உடுத்தும் சேலையில் அந்த வாசம் இல்லை, வெளியே போகக் கட்டும் சேலையில் மட்டும் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். அது போதாதா எனக்கு? யாரைப் பார்க்கப் போகும்போது பூசுகிறாள் என்று மனம் ஓடியது. கிணற்றடிக்குப் போனால் பின்னால் போனேன். கல்யாண வீட்டுக்கு, மவுத்து வீட்டுக்கு, கடைத்தெருவுக்கு, எங்கும் தனியாக விடவில்லை. யார் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒருநாள் அவள் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணிகளையெல்லாம் ஒதுக்கி, குப்பியைத் தேடினேன். குப்பி இல்லை. கெட்டிக்காரி, ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். பார்த்தாயா மகனே, குப்பி கிடைத்திருந்தால் ஒரு சந்தேகம், கிடைக்காததால் இரண்டு சந்தேகம். நீ கட்டிலுக்குக் கீழே காட்டச் சொன்னாயே, அங்கே ஒன்றும் இல்லை என்றதும் உனக்கு நிம்மதி வந்ததா? வந்திருக்காது. எனக்குத் தெரியும்.

துபாய்க்குத் திரும்பினேன். சாகுல் வழக்கம்போல எனக்கும் சேர்த்து ரொட்டி வாங்கி வைத்திருந்தான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு மாதம் பொறுத்தேன். இரண்டாம் மாதம் உன் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது, அவள் கர்ப்பமாக இருக்கிறாள் என்று. இதை எழுத எனக்குக் கை வரவில்லை, இருந்தாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் விரலை மடக்கி நாள் எண்ணினேன். சாகுல் வந்துபோன மாதத்தையும் என் விடுப்பையும் வைத்து எண்ணினேன். கணக்கு என் பக்கம்தான் சரியாக வந்தது. அப்படியும் மறுபடி எண்ணினேன். உன்னை இந்தப் பூமிக்கு வரவேற்றது அந்த விரல்கள்தான்.

அதற்கடுத்த வாரம் நான் அதைச் செய்தேன். கடையில் சாகுல் பொறுப்பில் இருந்த எண்ணெய்க் குப்பி ஒன்றை எடுத்து மோந்து, அரபாபிடம் போய் உதட்டைப் பிதுக்கினேன். இதில் யாரோ கலந்திருக்கிறார்கள் என்றேன். யார் என்று நான் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. அந்த எண்ணெயில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் என் மூக்கு சொன்னால் அங்கே அதற்கு மேல் பேச்சில்லை. பத்தே நாளில் சாகுலின் விசாவை ரத்துசெய்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "உனக்காச்சும் நம்ம மேல நம்பிக்கை இருக்கா மாப்ள?" என்று கேட்டான். இருக்கிறது என்றேன்.

நீ பிறந்து ஒன்றரை வயதில்தான் உன்னை முதல்முறை பார்த்தேன். வந்து நாலு நாள் ஆகியும் உன்னைத் தூக்கவில்லை. உன் அம்மா, "பிள்ளை உங்களப் பாத்துப் பயப்படலையே, நீங்கதான் பிள்ளையப் பாத்துப் பயப்படுறீக" என்று சிரித்தாள். ஐந்தாம் நாள் தர்காவுக்குப் போவதற்காக டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அந்த வாசம் கூடத்துக்கே வந்தது. நான் எழுந்து போனேன். இனிக் கேட்டுவிடுவது என்றுதான் போனேன். அவள் சேலைகளை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அடியில் நீலக் கோடு போட்ட ஒரு பழைய சட்டை. போன தடவை குப்பியைத் தேடும்போது நானே என் கையால் ஒதுக்கிய சட்டை. வாசம் அதிலிருந்துதான் வந்து, மேலே அடுக்கிய சேலைகளில் ஏறிக்கொண்டிருந்தது.

"யாரு சட்டை இது?"

"நல்லாக் கேட்டீக போங்க. உங்க சட்டைதான். மொத லீவுல கழட்டிப் போட்டுட்டுப் போனது. நான் தொவைக்கலை."

"ஏன் தொவைக்கலை?"

அவள் சேலையை உதறிக்கொண்டே சொன்னாள். "தொவைச்சா உங்க வாசம் போயிரும்ல?"

இது என் வாசம் இல்லை, ஊது வாசம் என்றேன். "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். கல்யாணத்தன்னைக்கே நீங்க இப்படித்தான் மணந்தீக" என்றாள். நாள் முழுக்க அந்த எண்ணெய்களுக்குள் உட்கார்ந்திருந்தவனுக்கு உடம்பெல்லாம் ஊது ஏறியிருக்கிறது. ஊரே மோந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை. மூக்கைத் தெளிவாக்கிக்கொள்ள ஒவ்வொரு நாளும் என் சட்டைக் கையைத்தான் மோந்தேன், அதில் ஒன்றுமே இல்லை என்று நம்பிக்கொண்டு. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நீ தத்தித் தத்தி நடந்து வந்து என் காலைப் பிடித்து நின்றாய். அப்போதுதான் உன்னைத் தூக்கினேன். உன் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த விடுப்பிலேயே ஒருநாள் மண்டபத்துக்குப் போனேன். மீன்பிடி துறைமுகத்தில் சாகுல் ஐஸ் கட்டியை உடைத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தான். கைகள் சிவந்து வெடித்திருந்தன. தூரத்தில் நின்று பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். இனி ஊது வாசம் இந்த வீட்டில் வரக்கூடாது என்று முடிவுசெய்தது அன்றைக்குத்தான். அதை ஒரு கண்டிப்பான மனிதனின் ஒழுக்கம் என்று நீங்கள் எல்லாரும் நினைத்தீர்கள். இல்லை, அது கோழைத்தனம்.

இப்போது இதை ஏன் கிளறுகிறேன் என்று கேட்பாய். போன வியாழக்கிழமை ரிஸ்வானா பையை எடுத்துக்கொண்டு பனைக்குளத்தில் தன் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றாள். சண்டை போடவில்லை, அழவில்லை. "நான் அங்கன இருந்தா அவுகளுக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கும் மாமி. இங்கன எதைக் காட்டுனாலும் இன்னொண்ணக் காட்டச் சொல்றாக" என்று உன் அம்மாவிடம் சொன்னாள். ஆட்டோவில் ஏறும்போது என்னிடம், "நீங்க கொடுத்தத அலமாரியிலயே வச்சிருக்கேன் மாமா, தப்பா நெனைக்காதீக" என்றாள். மகனே, அந்தப் பிள்ளையை அனுப்பிவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் கையில் இருக்கும் போன் புதுசு, அதற்குள் இருக்கும் ஆள் நான். சனிக்கிழமை காலை பஸ் பிடித்து மண்டபம் போனேன்.

சாகுல் இப்போது கிழவன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து சலாம் சொன்னான். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது, ஏன் கோபப்படவில்லை, என்ன வைத்திருக்கிறான் மனசில் என்று. பார், இந்த வயதிலும் புத்தி எங்கே போகிறது! நான் சுற்றி வளைக்காமல், அந்த எண்ணெயில் ஒன்றும் கலக்கவில்லை, பொய் சொன்னேன் என்றேன். அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"அரபாப் அந்தக் குப்பிய எங்கிட்ட நீட்டி, என்ன கலந்தேன்னாரு. நான் மோந்து பாத்தேன். தப்பா ஒண்ணுமே தெரியலை. கலந்திருக்குன்னு நீதான் சொன்னதாச் சொன்னாரு. அப்ப எம் மூக்குதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன் மாப்ள. ரெண்டு வருசம் கழிச்சு ஷார்ஜாவுல இன்னொரு கடைக்குக் கூப்பிட்டாக. போகலை. கெட்டுப்போன மூக்க வச்சுக்கிட்டு அங்கன போயி என்ன செய்ய?"

ஏன் அப்படிச் செய்தேன் என்றும் சொன்னேன். சட்டைக் கதையையும் சொன்னேன். அவன் என் பக்கம் திரும்பி, "தங்கச்சிக்குத் தெரியுமா?" என்றான். தெரியாது என்றேன். "பெறகு ஏன்லே எங்கிட்ட வந்தே? போ. மொதல்ல அவகிட்டச் சொல்லு. அவ உன்ன என்ன செய்றாளோ செய்யட்டும். அதுக்கப்பறம் எங்கிட்ட வா, நான் செய்யுறதச் செய்றேன்" என்றான். டீக்கு என்னைக் காசு கொடுக்க விடவில்லை. அவனும் கொடுக்கவில்லை, கணக்கில் எழுதச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

மறுநாள் காலை உன் அம்மா மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துவந்து கூடத்தில் மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், சேலை, டிரங்குப் பெட்டி, விரல் மடக்கியது, சாகுல். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். எனக்கு எப்பவோ தெரியும் என்று சொல்லிவிடுவாள் என்றும் ஒரு நப்பாசை இருந்தது. அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"எந்த லீவு?"

"ரெண்டாவது லீவு."

"எங்கூடவே வந்தீகளே, அந்த லீவா? கெணத்தடிக்குக்கூட வந்தீகளே?"

"ஆமா."

"உங்க லாத்தா கூடக் கேலி பண்ணுனாக, தம்பி முந்தானைய விட மாட்டேங்கிறான்னு. நான் தொண்டியில எங்க அக்கா வரைக்கும் போயிச் சொல்லிட்டு வந்தேன், எம் புருசன் என்னைய விட்டு ஒரு நிமிசம் இருக்க மாட்டேங்கிறாகன்னு." ஒரு கைலியை மடித்து அடுக்கினாள். "பெறகு நீங்க வந்த லீவெல்லாம் வெளியவேதான் சுத்துனீக. நான் அந்த ஒரு லீவ நெனச்சுக்கிட்டுத்தான் மத்ததெல்லாம் ஓட்டுனேன். அது என்னைய மோந்து பாத்துட்டு வந்ததா?"

ஆமாம் என்றேன். அவள் துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இன்றோடு நாலு நாள். சோறு வைக்கிறாள், மாத்திரையை எடுத்து வைக்கிறாள், பேசவில்லை. நான் சந்தேகப்பட்டபோது அவளிடமிருந்து எதையும் பறிக்கவில்லை, எனக்குள்தான் எரிந்தேன் என்று இவ்வளவு நாள் எண்ணியிருந்தேன். அவள் கையில் இருந்த நல்ல நாட்கள் அறுபதையும் நான் ஒரு காலை வேளையில் எடுத்துக்கொண்டுவிட்டேன். சொல்லாமலே இருந்திருக்க வேண்டுமோ என்றும் தோன்றுகிறது. சாகுல் இதற்காகத்தான் அனுப்பினானோ என்றும் தோன்றுகிறது. இப்படித் தோன்றுவதை நான் சாகும்வரை நிறுத்த முடியாது போலிருக்கிறது. உனக்கு இருபத்தெட்டு வயது, உன்னால் முடியும்.

நான் உனக்குச் சொல்வது இதுதான். ரிஸ்வானா உன் போனை இன்னும் எடுக்கிறாள் என்று அவள் அம்மா சொன்னார்கள். எடுக்கும்போதே பேசிவிடு. வீடியோ வேண்டாம். எதையும் காட்டச் சொல்லாதே. உன் மனதில் என்ன ஓடியது என்று அவளிடமே சொல், கேவலமாக இருந்தாலும் சொல். அவள் என்ன சொல்கிறாளோ அதைக் கேட்டுக்கொள். அவள் சொன்னதை மோந்து பார்க்காதே.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் வாசலில் உன் அம்மா "ஏங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டது கேட்டது. பேனாவைப் போட்டுவிட்டு, செருப்புக்கூட மாட்டாமல் ஓடினேன். சைக்கிளில் போன மீன்காரரைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் வந்து நிற்பதைப் பார்த்தாள். திரும்பி, மீனுக்கு விலை கேட்டாள். மீன் வாங்கும்வரை பக்கத்தில் நின்றுவிட்டு, உள்ளே வந்து இதை முடிக்கிறேன்.

உன் அத்தா